வலப்பக்கத்து ஸ்பீக்கர்

கார் செட் திருத்தும் கடைக்கு வருகிறவர்கள் பிழை எது என்று கேட்டு வருவதில்லை. பிழையைத் தாங்களே கண்டுபிடித்து முடிவும் எடுத்துவிட்டுத்தான் வருவார்கள். "முன் ஸ்பீக்கர் செத்துப் போச்சு, புதுசு போடுங்க" என்பார்கள். கழற்றிப் பார்த்தால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கும். திறந்து மூடித் திறந்து மூடி, கதவு மடங்கும் இடத்தில் வயர் அறுந்திருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்முனையில் வாகனம் வைத்திருக்கும் பலருக்கும் என் குணம் தெரியும். வேலை சுத்தம், வாய்தான் சரியில்லை என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டு பல காலம் திரிந்தேன்.

பிழை பிடிக்க எனக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் ஒவ்வொரு மூலையையும் தனியாகப் பேசவிட்டுப் பார்ப்பேன். எங்கள் ஊர்க் கார்களில் பெரும்பாலும் குர்ஆன் ஓதலும் மார்க்கப் பயானும்தான் இருக்கும். ஓதுகிற சத்தத்தை வைத்து ஸ்பீக்கர் சோதிக்க எனக்கு மனம் வராது; ஒரு ஆயத்து வசனத்தைப் பாதியில் வெட்டி அந்தக் கதவுக்கும் இந்தக் கதவுக்கும் தள்ளுவது சரியில்லை. அதனால் என் குரலையே பதிந்து வைத்திருக்கிறேன். "முன் வலது. முன் இடது. பின் வலது. பின் இடது." அந்தந்தச் சொல் அந்தந்த மூலையில் மட்டும் கேட்கும். செய்தி வாசிக்கிறவர் மாதிரி விறைப்பாகச் சொல்லியிருப்பேன் என்று கடைக்கு வருகிறவர்கள் அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். ஒரு மூலை பேசாவிட்டால் ஸ்பீக்கரைக் கழற்றி, ஒரு பென்சில் பெட்டரியின் இரண்டு முனையையும் அதில் தொட்டுப் பார்ப்பேன். 'டப்' என்று ஒரு சத்தம் வந்தால் ஸ்பீக்கர் நல்லது. பிறகு இடத்தை மாற்றிப் பார்ப்பேன். வலது வயரை இடதுக்குக் கொடுத்தால் பிழையும் கூடவே போகிறதா, இருந்த இடத்திலேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எதை மாற்றும்போது பிழையும் சேர்ந்து இடம் மாறுகிறதோ, அதில்தான் பிழை இருக்கிறது.

விட்டு விட்டு வரும் பிழைதான் பெரிய தலையிடி. ஒரு நேரம் கேட்கும், மறு நேரம் கேட்காது. வாகனக்காரர் செட் பழி வாங்குகிறது என்பார். எங்கேயோ ஒரு தொடுப்பு சரியில்லை, அவ்வளவுதான் என்று நான் சொல்வேன். இதைக் கடையில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குப் போய் இருப்பான். நானும் சாய்ந்தமருதில் என் மனைவியின் வீட்டில்தான் இருக்கிறேன். மாமாவும் மாமியும், அதாவது மனைவியின் வாப்பாவும் உம்மாவும், எங்களோடு. அதே வளவின் இடப்பக்கத்தில் மனைவியின் தங்கைக்கு வீடு கட்டிக் கொடுத்து, போன வருடம் கலியாணம் செய்து வைத்தார்கள். தங்கையின் மாப்பிள்ளை கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், நல்ல பதவியில் இருப்பவர். நல்ல மனிதர்தான். அவர் மீது எனக்கு இருந்த குறை, அவர் நல்ல மனிதராக இருந்தது மட்டும்தான்.

மாமா பின்னேரங்களில் முன் விறாந்தையில் கதிரை போட்டுப் பத்திரிகை வாசிப்பார். நான் கடையால் வந்து, அவருக்கு வலப்பக்கம் இருக்கும் கேற்றால் மோட்டார் சைக்கிளை உள்ளே விட்டு, தூணருகில் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே ஸலாம் சொல்வேன். முன்பெல்லாம் பதில் வரும். தங்கையின் கலியாணத்துக்குப் பிறகு பதில் வருவது குறைந்தது. சில நாள் வரும், பல நாள் வராது. தங்கையின் மாப்பிள்ளை அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து வந்து ஸலாம் சொன்னால் மட்டும் உடனே, முழுதாக, சந்தோசமாகப் பதில் வரும்.

ஸலாம் சொல்வது சுன்னத்து, நபிவழி; பதில் சொல்வது கடமை. பள்ளியில் கிதாபு ஓதாத ஆளுக்கும் இது தெரியும். மாமாவோ ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். ஊரில் கலியாணப் பேச்சு என்றால் அவரை அழைத்து முன்னால் இருத்துவார்கள். இரண்டு பக்கமும் மெல்லமாகச் சொல்வதைக் கேட்டு, மனதில் வைத்து, யாருக்கும் நோகாமல் முடித்து வைப்பார். அப்படிப்பட்டவர் எனக்குப் பதில் சொல்லவில்லை என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று நினைத்தேன். கச்சேரி மருமகன் வந்துவிட்டார். இனி செட் திருத்துகிறவன் எதற்கு? இந்தக் கணக்கை நான் ஒரு தரம் கூடச் சரிபார்க்கவில்லை. ஒரு நாள் முதல் நானும் ஸலாம் சொல்வதை நிறுத்திவிட்டேன். செருப்பைக் கழற்றுவேன், வாயை மூடிக்கொண்டு உள்ளே போவேன்.

மனைவி அதைக் கவனித்துவிட்டுக் கேட்டாள். "வாப்பாக்கு ஸலாம் சொல்லாம வாறீங்களே, என்ன கோவமா?"

"பதில் சொல்றவங்களுக்குச் சொல்லலாம்" என்றேன்.

தகப்பனுக்கும் புருஷனுக்கும் நடுவில் நிற்கிற பெண் என்ன செய்வாள்? முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் மாமா ஒரு சனிக்கிழமை காலை தன் காரைக் கடைக்குக் கொண்டுவந்தார். அந்தக் கார் அவருடைய செல்லம். வேறு யாரையும் ஓட்ட விடமாட்டார். "வலப்பக்கத்து ஸ்பீக்கர் ரெண்டும் வேலை செய்யுதில்ல மருமகன், ஒருக்காப் பாருங்க" என்றார். அவரும் முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். கடையில் அப்போது மீன் லொறிக்காரர் ஒருவரும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் இருந்தார்கள். லொறிக்காரர் ஊரில் இருப்பவர்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைப்பதில் கைதேர்ந்தவர்.

என் குரலை ஓடவிட்டேன். நாலு மூலையும் பேசியது. மாமா ஓட்டுநர் ஆசனத்தில் இருந்தபடியே தலையாட்டினார்.

"சத்தம் கேக்குது. ஆனா இந்தக் கதவால வருகுதில்ல. எல்லாம் அங்காலதான்" என்று இடப்பக்கத்தைக் காட்டினார்.

வலப்பக்கத்துக் கதவின் மூடியைக் கழற்றினேன். பெட்டரியைத் தொட்டேன். 'டப்' என்றது. திரும்ப வயரைக் கொடுத்து என் குரலை ஓடவிட்டேன். ஸ்பீக்கரின் வாய் துடிப்பது கண்ணுக்கே தெரிந்தது. மாமா அப்போதும் இல்லை என்றார். எனக்கு ஏறிவிட்டது. அவருடைய கையைப் பிடித்து ஸ்பீக்கரின் மேல் வைத்தேன். ஒரு வருடத்துக்குப் பிறகு அவருடைய கையை நான் தொட்டது அப்போதுதான்.

"அதிருதா இல்லையா?"

"அதிருது" என்றார். கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். அவர் முகம் ஏதோ மாதிரிப் போனது. அதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை.

"நாலு ஸ்பீக்கரும் நல்லாத்தான் இரிக்கி மாமா. இனிக் கழட்டிப் பாக்கிறண்டா உங்கட காதைத்தான் கழட்டிப் பாக்கணும்."

லொறிக்காரரும் கூட்டாளிகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பகிடி மாதிரிச் சொன்னேன், ஆனால் அதற்குள் ஒரு வருடத்துக் கோபத்தையும் வைத்துத்தான் சொன்னேன். மாமா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நாங்கள் சிரித்து முடிகிற நேரத்தில்தான் அவர் சிரிக்கத் தொடங்கினார். பிறகு காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வீட்டில் மனைவி என் பின்னாலேயே வந்தாள். "வாப்பா இன்னும் சொல்றார், ஒரு பக்கம் கேக்குதில்லயாம். மருமகன்ட கடையில சொல்ல வெக்கமாம். இஞ்ச வளவுக்குள்ள வெச்சு ஒருக்காப் பாருங்களன்" என்றாள். வேண்டா வெறுப்பாகத்தான் இறங்கினேன். அஸர் தொழுதுவிட்டு வந்து மாமாவைக் காரில் இருக்கச் சொன்னேன். செட்டை வெளியே இழுத்து, வலது வயரை இடதுக்கும் இடதை வலதுக்கும் மாற்றிக் கொடுத்தேன். இப்போது என் குரல் "முன் வலது" என்று இடப்பக்கத்துக் கதவில் சொல்லும். "முன் இடது" என்று வலப்பக்கத்துக் கதவில் சொல்லும். பிழை செட்டில் என்றால் பக்கம் மாறியே ஆக வேண்டும்.

"முன் வலது" என்றது.

"அங்கால" என்று மாமா இடப்பக்கம் காட்டினார்.

"முன் இடது" என்றது.

"இதுவும் அங்காலதான்" என்று அதே இடப்பக்கத்தைக் காட்டினார்.

வயரைக் கையில் பிடித்தபடி நின்றேன். செட்டிலும் பிழையில்லை, வயரிலும் பிழையில்லை, ஸ்பீக்கரும் நன்றாகத் துடிக்கிறது. அந்த நேரம் பின் ஆசனத்தில் விழுந்து கிடந்த தன் தொப்பியை எடுப்பதற்காக மாமா ஆசனத்தில் முழங்காலை ஊன்றிப் பின்பக்கமாகத் திரும்பினார். என் குரல் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றவர், பெரிய சந்தோசத்தோடு சொன்னார்.

"ஆ, இப்ப சரி மருமகன். இப்ப வலப்பக்கம் வேலை செய்யுது. மற்றப் பக்கம்தான் நிண்டுட்டு."

மாறியது அவருடைய தலை மட்டும்தான். பிழை அதோடு கூடப் போயிருந்தது.

அவர் பழையபடி முன்பக்கமாகத் திரும்பி இருந்தார். திரும்பி இருந்ததும் வலப்பக்கம் மறுபடியும் நின்றுபோயிருக்க வேண்டும். அவர் முகத்தில் இருந்த சந்தோசம் அப்படியே வடிந்தது. நான் செட்டை நிறுத்தினேன். அவரும் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "எனக்கும் காதில ஐமிச்சம் இரிந்ததுதான். செட்டில பிழையா இரிந்தா நல்லம் எண்டு நினைச்சன். யாருக்கும் சொல்லாதீங்க" என்றார்.

"இல்ல மாமா" என்றேன். அவருக்கு வலப்பக்கம் நின்று சொன்னதால் அது கேட்டிருக்காது.

செட்டைத் திரும்பப் பூட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். விறாந்தையில் அவருடைய கதிரை எப்போதும் போல் கிடந்தது. கேற், தூண், செருப்புக் கழற்றும் இடம் எல்லாம் அதற்கு வலப்பக்கம். தங்கையின் வீடு இடப்பக்கம். ஒரு வருடமாக நான் செத்த காதுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று ஸலாம் சொல்லிவிட்டு, பதில் வரவில்லை என்று கறுவிக்கொண்டிருந்திருக்கிறேன். சில நாள் வரும், பல நாள் வராது. இதே குறையோடு ஒரு கார் வந்திருந்தால் அதன் சொந்தக்காரரை நான் என்ன ஏச்சு ஏசியிருப்பேன்.

ஸலாத்தைத் திரும்பச் சொல்லத் தொடங்கியிருக்கலாம். அதுவும் முடியவில்லை. திடீரென்று சொன்னால் இத்தனை நாளும் சொல்லாமல் இருந்தது வெளிப்பட்டுவிடும் என்று பயந்தேன். அதனால் வாயை மூடிக்கொண்டேதான் தொடர்ந்து உள்ளே போனேன். முன்பு கோபத்தில், இப்போது வெட்கத்தில். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒருவருக்கும் தெரியாமல் அவரை மட்டக்களப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கல்முனையில் காட்டியிருந்தால் மருந்தெடுக்க வந்த பாதி ஊர் விசாரித்திருக்கும். நரம்பு செத்துவிட்டது, இனி வராது, மற்றக் காதைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டொக்டர். அன்றைக்கு மட்டும் காரை என்னை ஓட்ட விட்டார். நான் ஓட்ட, அவருடைய வலக்காது என் பக்கம். வழியில் நான் சொன்ன எதற்கும் பதில் இல்லை. யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். முன்பென்றால் பெருமை என்று நினைத்திருப்பேன்.

அதற்குள் கடையில் வேறொன்று முளைத்துவிட்டது. லொறிக்காரர் வந்து ஸ்டூலில் குந்திக்கொண்டு, "என்ன, பியூஸ் ஹாஜியார்ட காதைக் கழட்டியாச்சா?" என்று கேட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். பியூஸ் போன காது என்று மாமாவுக்குப் பெயர் வைத்துவிட்டார். எங்கள் ஊரில் ஒருவரின் பெயர் மறந்தாலும் பட்டப்பெயர் மறக்காது. பேரப்பிள்ளைகளைக்கூட அதைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுவார்கள். அந்தப் பேரப்பிள்ளைகள் என் பிள்ளைகள்தான். பெயர் பரவினால் யாராவது ஒருவர் உண்மையிலேயே அவருடைய காதைச் சோதித்துப் பார்ப்பார். பிறகு எந்தக் கலியாணப் பேச்சுக்கும் அவரைக் கூப்பிடமாட்டார்கள். அந்தப் பெயருக்கு விதை போட்டது நான்.

அன்று பின்னேரமே மாமாவின் காரில் வலப்பக்கத்து ஸ்பீக்கர் இரண்டையும் கழற்றிவிட்டுப் புதியவை போட்டேன். கழற்றியதைக் கடைக்குக் கொண்டுவந்து, பழுதானவற்றைக் கொழுவி வைக்கும் ஆணியில் எல்லோருக்கும் தெரியக் கொழுவினேன். மறுநாள் லொறிக்காரர் வந்ததும் நானாகவே கதையை எடுத்தேன்.

"ஹாஜியார்ட காதில ஒண்டுமில்ல. பிழை விட்டது நான். ஸ்பீக்கர்தான் போன."

"நீங்கதானே கைய வெச்சு அதிருது எண்டு காட்டின?"

"அதிரும். எண்டாலும் சத்தம் வராது. எனக்கு அது விளங்கல்ல" என்றேன்.

துடிக்கிற ஸ்பீக்கரில் சத்தம் வராது என்று செட் திருத்துகிற எவனும் சொல்லமாட்டான். சொன்னால் அவனை நானே கடையை விட்டுத் துரத்தியிருப்பேன். லொறிக்காரருக்கு அதெல்லாம் தேவையில்லை. அவருக்குக் கிடைத்ததே பெரிய விருந்து. "ஸ்பீக்கர்ல பிழை இரிக்கக்குள்ள மனிசன்ட காதில பிழை புடிச்ச ஆள். நீங்க காது டொக்டர் எல்லுவா?" என்றார். அந்தப் பெயர் அன்றைக்கே பஸ் டிப்போ வரைக்கும் போனது. இப்போது கடையின் பெயரைச் சொன்னால் தெரியாத ஆட்களும் காது டொக்டரின் கடை என்றால் கையைக் காட்டிவிடுகிறார்கள். பியூஸ் ஹாஜியாரை எல்லோரும் மறந்துபோனார்கள். வேலை சுத்தம் என்று சொல்பவர்களும் குறைந்துபோனார்கள்.

கொஞ்ச நாள் கழித்து மாமா கடைக்கு வந்தார். ரோட்டில் போன ஒருவர் லொறிக்காரர் வைத்த பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டுவிட்டுப் போனார். மாமாவின் இடக்காது ரோட்டுப் பக்கம் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஆணியில் கொழுவியிருந்த தன்னுடைய ஸ்பீக்கர்களைப் பார்த்தார். வந்த வழியே போய்விட்டார்.

அன்று பின்னேரம் நான் செருப்பைக் கழற்றும்போது அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தபடி இருந்தார். "மருமகன், இஞ்சால வந்து இரிங்க" என்று இடப்பக்கத்துக் கதிரையைக் காட்டினார். போய் இருந்தேன்.

"நல்ல ஸ்பீக்கரைக் கழட்டிப் போட்டு என்னத்துக்கு அந்தப் பேரை வாங்கின?"

"பகிடி விட்டது நான்தானே, மாமா."

அவர் கொஞ்சம் சிரித்தார். அவர் கண் என் உதட்டில் இருந்தது. இதுவரை நான் அதைக் கவனித்ததில்லை.

"இந்தக் காது போகத் தொடங்கின பிறகு, நீங்க வரக்குள்ள நான் தலையக் கிறுகிப் பாத்தா உங்கட வாய் அசையிறது தெரியும். கண்டாப் பதில் சொல்லுவன். காணாட்டி, சொன்னீங்களோ இல்லையோ எண்டு தெரியாதே. கடமையாச்சே. அதால மெல்லமா எனக்குள்ளேயே ஒரு பதிலைச் சொல்லிக்குவன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தால் அவருக்கு உதடு தெரியாது என்று நினைத்து நிமிர்ந்தேன்.

"இப்ப கொஞ்சக் காலமா வாய் அசையிறதையும் காணக் கிடைக்குதில்ல. என்ட கண்ணும் சரியில்லயாக்கும். எண்டாலும் நீங்க சொல்லாம வரமாட்டீங்க எண்டு தெரியும். அதால ஒவ்வொரு நாளும் பதில் சொல்லிக்கிட்டுத்தான் இரிக்கன்" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறாமல் வளவைச் சுற்றிக்கொண்டு போய், அவருக்கு இடப்பக்கம் நின்று ஸலாம் சொல்கிறேன். அவர் முழுதாகப் பதில் சொல்கிறார். நான் சொல்லாமல் போன நாட்களைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவரிடம் அதைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.